உரிமத்துக்கா, பயிற்சிக்கா? ஏரல் வட்டாரத்தை முன்வைத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் பற்றி ஓர் ஆய்வு

கேள்வி

தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரல், சுற்றிலும் உள்ள வாழைக்கும் நெல்லுக்கும் வெற்றிலைக்கும் நடுவே அமைந்த சந்தையூர். கொற்கை, உமரிக்காடு, முக்காணி, ஆத்தூர் என்று நாலா பக்கமும் விளைச்சல் நிலம். தார் ஏற்றிய லோடு ஆட்டோக்களும் மினி லாரிகளும் விடியுமுன்பே சாலையில் இறங்கிவிடும். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் பாயும் இந்த வட்டாரத்தில், வாய்க்கால் கரையை ஒட்டிய சாலைகளில் எதிரே ஒரு வண்டி வந்தால் இருவரில் ஒருவர் பின்னால் எடுத்தே ஆகவேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் அண்மைக் காலத்தில் தனி வட்டமாகவும் ஆகிவிட்ட இந்த ஊரில் வண்டி ஓட்டத் தெரிவது பிழைப்போடு சேர்ந்த விஷயம்.

அப்படிப் பழக நினைக்கும் ஒருவர் டிரைவிங் ஸ்கூல் ஒன்றைத் தேடிப்போய், பேரம் பேசி, பணத்தைக் கட்டுகிறார். இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பணத்துக்கு அவர் வாங்குவது என்ன? ஓட்டும் திறமையா, உரிம அட்டையா? இரண்டும் ஒரே தொகைக்குள் சேர்த்துப் பேசப்படும்போது, முன்னது குறைந்து பின்னது மட்டும் மிஞ்சுகிறது என்பதே நான் நிறுவ முயலும் கருத்து. நம்பகமான பள்ளியைத் தேர்ந்தெடுப்பதும் பணத்தைக் கொடுக்கும் முறையும் தனித்தனிக் காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் பணம் கொடுக்கும் முறையே பள்ளியின் தரத்தைப் பெருமளவு முடிவு செய்துவிடுகிறது.

ஊர் சொல்லும் நற்பெயர்

எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று கடைத்தெருவில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், ‘அங்க போனா அலையவிட மாட்டாங்க, லைசென்ஸ் கைக்கு வந்துரும்’ என்பதுதான். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், இந்தப் பதிலில் கிளட்ச் இல்லை, ஸ்டியரிங் இல்லை, சாலையே இல்லை. அலுவலகத்தில் காரியம் எவ்வளவு எளிதாக முடிகிறது என்பதுதான் பள்ளியின் பெயராக நின்றுவிட்டது.

இதற்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. வண்டி ஓட்டத் தெரியாதவர் தனக்குச் சரியாகக் கற்றுத்தருகிறார்களா என்று எப்படி அளப்பார்? வாங்குபவருக்குத் தெரியாதது விற்பவருக்குத் தெரிந்திருக்கும் சந்தையில் தரமான சரக்கு மெல்ல விலகிப்போகும் என்பதைப் பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாக வைத்து ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். 2001இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். பயிற்சிச் சந்தை பழைய கார் சந்தையைவிடச் சிக்கலானது. ஓட்டை காரை வாங்கியவருக்கு ஒரு மாதத்தில் உண்மை தெரிந்துவிடும். அரைகுறையாகப் பழகியவருக்கு அது தெரியவர ஆண்டுகள் ஆகலாம், அல்லது ஒரு மழை இரவில் ஒரே நொடியில் தெரியலாம்.

உரிமம் பெறுவது பற்றி இந்தியாவில் நடந்த மிக முக்கியமான ஆய்வு டெல்லியில் நடந்தது. மரியான் பெர்ட்ராண்ட், சிமியோன் ஜான்கோவ், ரீமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய நால்வரும் செய்த அந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. உரிமம் பெற விரும்பிய 822 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு விரைவில் உரிமம் வாங்கினால் ஊக்கத்தொகை. இன்னொரு குழுவுக்கு இலவச ஓட்டுநர் பயிற்சி. மூன்றாவது குழு ஒப்பீட்டுக்கு. உரிமம் வாங்கியவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் அலுவலகத்தின் ஓட்டுத் தேர்வையே சந்திக்கவில்லை. ஆய்வாளர்களே தனியாக வைத்த தேர்வில், உரிமம் பெற்றவர்களில் சுமார் 62 விழுக்காட்டினர் ஓட்டத் தகுதியற்றவர்களாக இருந்தார்கள். அரசுக் கட்டணம் 450 ரூபாயாக இருந்தபோது சராசரியாக 1,120 ரூபாய் செலவாகியிருந்தது.

அந்த ஆய்வில் நமக்கு வேண்டிய இழை வேறொன்று. புரோக்கர்கள் கேட்ட தொகை, வந்தவருக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதா என்பதைப் பொறுத்து மாறவில்லை. நன்றாக ஓட்டுபவருக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதவருக்கும் ஒரே விலை. விலைக்கும் திறமைக்கும் தொடர்பு அறுந்துவிட்டால், கூடுதலாகப் பணம் கொடுப்பது கூடுதலான பயிற்சிக்கு உத்தரவாதம் ஆகாது.

டெல்லி முடிவுகளை அப்படியே தாமிரபரணிக் கரைக்கு இறக்குமதி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது 20 ஆண்டுக்கு முந்தைய நிலவரம். இன்று பழகுநர் உரிமத்துக்கு, அதாவது நாம் எல்.எல்.ஆர். என்று சொல்வதற்கு, ‘சாரதி’ இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தையும் நாமே கட்டிவிட முடியும். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் உரிம அட்டை விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது; இன்னொருவர் போய் வாங்கித்தரும் வேலையே எழவில்லை. டெல்லியில் புரோக்கர் தனி ஆள். நம் ஊர்களில் விண்ணப்ப வேலையையும் பயிற்சியையும் பெரும்பாலும் ஒரே பள்ளி செய்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. ஒரே கையில் இரண்டும் இருப்பதால்தான் ஒன்றின் பெயரால் மற்றொன்று மறைய இடம் ஏற்படுகிறது.

சட்டப் புத்தகத்தில் உள்ள பள்ளி

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 12ஆம் பிரிவு பயிற்சிப் பள்ளிகளுக்கு உரிமம் வழங்குவது பற்றியது. அதன் விரிவு 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24 முதல் 31 வரை இருக்கிறது. இவ்விதிகளைப் படிக்கும் எவருக்கும், நல்ல பள்ளி எப்படி இருக்கவேண்டும் என்ற தெளிவான படம் கிடைக்கும்.

பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட வண்டி வேண்டும். இருசக்கர வாகனம் நீங்கலாக மற்ற எல்லா வண்டியிலும் டபுள் கண்ட்ரோல் இருக்கவேண்டும். பள்ளியின் பெயரும் முகவரியும் வண்டியில் பளிச்சென்று எழுதப்பட்டிருக்க வேண்டும். சாலைக் குறியீட்டுப் படங்கள், கரும்பலகை, கருவிகள், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்கவேண்டும். கற்றுத்தருபவர் குறைந்தது பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ஐந்தாண்டு ஓட்டிய அனுபவமும் மோட்டார் மெக்கானிக் படிப்பின் சான்றிதழோ அதற்கு மேற்பட்ட தகுதியோ வேண்டும். பள்ளியின் உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும்; அசல் உரிமமும் ஆசிரியர்களின் பெயர்களும் பார்வையில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும்.

31ஆம் விதியில் பாடத்திட்டம் இருக்கிறது. கார் போன்ற சொந்த உபயோக வண்டிகளுக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது. சக்கரத்தைப் பிடித்து ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக்கூடாது. சரக்கு, பயணிகள் வண்டிகளுக்கு 30 நாள், 15 மணி நேரம். வண்டியின் இயக்கம், சாலை விதி, முதலுதவி எல்லாம் பாடத்தில் உண்டு.

இவ்வளவையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது 27ஆம் விதி குறிப்பிடும் 15ஆம் எண் படிவம். பயில்பவர் ஒவ்வொருவரும் வண்டி ஓட்டிய நேரத்துக்கான பதிவேடு அது. எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்த வகை வண்டி என்று எழுதி, கற்பித்தவரும் கற்றவரும் கையெழுத்திட வேண்டும். சேர்ந்தவர்களின் பட்டியல் 14ஆம் எண் படிவத்தில். பயிற்சி முடிந்ததும் கொடுக்கும் சான்றிதழ் 5ஆம் எண் படிவம். ஒரு பள்ளிக்குள் நுழைந்து, ‘அந்த ஹவர்ஸ் ரெஜிஸ்டரைக் கொஞ்சம் காட்டுங்க’ என்று கேட்பதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை. பதிவேடு இருக்கிறதா, அன்றன்றைக்கு நிரப்பப்படுகிறதா, மாத முடிவில் ஒரே பேனாவில் ஒரே கையால் எழுதப்பட்டதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அதே 27ஆம் விதியில் இன்னொரு நிபந்தனை. விதிமுறைக்குப் புறம்பாக உரிமம் வாங்கித்தரத் தனக்கு ஆற்றல் உண்டு என்று சேர வருபவரை நம்பவைக்கும் எதையும் பள்ளி செய்யக்கூடாது. ‘லைசென்ஸ் கியாரண்டி’ என்று சொல்லும் பள்ளி, அந்தச் சொல்லாலேயே தன் உரிம நிபந்தனையை மீறுகிறது. ஊரில் எதை நற்பெயரின் அடையாளமாகக் கொள்கிறோமோ, அதைச் சட்டம் தகுதிக் குறைவாகப் பார்க்கிறது.

10 மணி நேரத்தின் விலை

பயிற்சிக் கட்டணம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று இவ்விதிகளில் வரம்பு இல்லை. அரசுக்குக் கட்டவேண்டிய தொகை மட்டும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. 2016 டிசம்பரில் மாற்றப்பட்ட கட்டணத்தின்படி, ஒரு வகை வண்டிக்குப் பழகுநர் உரிமம் 150 ரூபாய், அதற்கான தேர்வு 50, ஓட்டுத் தேர்வு 300, உரிமம் வழங்க 200. மொத்தம் 700 ரூபாய். மாநிலத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். இருசக்கர வாகனத்தையும் சேர்த்தால் அதற்கேற்பக் கூடும். ஆக, ‘பேக்கேஜ்’ என்று கேட்கப்படும் தொகையிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பயிற்சிக்கும் பிற செலவுக்கும் உரியது.

அந்த மிச்சம் 10 மணி நேரப் பயிற்சிக்குப் போதுமா? உத்தேசமாக ஒரு கணக்குப் போடலாம். பழகுபவர் மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர் போகிறார் என்று வைத்தால் 10 மணி நேரத்துக்கு 150 கிலோமீட்டர். நின்று நின்று கிளம்பும் பழைய சிறு கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் பன்னிரண்டரை லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 1,250 ரூபாய். ஆசிரியருக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்றும், அவர் நாளைக்கு 8 மணி நேரம் வீதம் 25 நாள் வண்டியில் உட்காருகிறார் என்றும் வைத்தால், மணிக்கு 90 ரூபாய். ஒரு மாணவருக்கு 900. வண்டித் தவணை, காப்பீடு, கிளட்ச் பிளேட், டயர், கடை வாடகை எல்லாம் சேர்ந்து மாதம் 15,000 என்றால் மணிக்கு 75; ஒருவருக்கு 750. கூட்டினால் 2,900 ரூபாய். இதில் முதலாளிக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை. வண்டி ஒரு மணி நேரம்கூடச் சும்மா நிற்கவில்லை. அரசுக் கட்டணத்தைச் சேர்த்தால் 3,600.

எண்களை அவரவர் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் போக்கு மாறாது. இந்த அடக்கவிலைக்கும் கீழே ஒரு பள்ளி எல்லாவற்றையும் செய்துதருவதாகச் சொன்னால், எங்கோ மணி நேரம் குறைகிறது. அதுதான் முதலில் குறையக்கூடியது. ஏனென்றால் பெட்ரோலைப் பங்க்காரர் அளந்து கொடுக்கிறார், சம்பளத்தை ஆசிரியர் எண்ணி வாங்குகிறார், வண்டிக்குள் கழிந்த நிமிடங்களை எண்ணுவார் யாருமில்லை.

மேலே சொன்ன கணக்கிலேயே இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. ஒரு கார் மாதத்துக்கு 200 மணி நேரம் ஓடினால், விதிப்படி 20 பேருக்குத்தான் பயிற்சி கொடுக்க முடியும். ஒரே கார் வைத்திருக்கும் பள்ளி மாதம் 40 பேரைச் சேர்த்தால் ஒருவருக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கிடைக்க வழியில்லை. ‘எத்தனை வண்டி, இந்த மாதம் எத்தனை பேர்?’ என்ற இரண்டு கேள்வியும் ஒரு வகுத்தலும் போதும். யாரையும் நம்ப வேண்டியதில்லை, யாரையும் சந்தேகிக்கவும் வேண்டியதில்லை.

21 நாளையும் 10 மணியையும் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு ஏறக்குறைய அரை மணி என்று வருகிறது. ‘டெய்லி அரை மணி’ என்று பள்ளிகள் சொல்வதற்கு அடிப்படை இதுவே. அந்த அரை மணி ஒருவருடையதா, காரில் ஏறிய மூன்று பேருக்கும் சேர்த்தா என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்து இன்னொருவர் ஓட்டுவதைப் பார்ப்பதால் பயன் உண்டு. ஆனால் விதி சொல்வது ஓட்டிய நேரத்தை.

சிறு பள்ளிகளின் நெருக்கடியையும் இங்கே நியாயமாகப் பார்க்கவேண்டும். முறையாக 10 மணி நேரம் கற்றுத்தரும் பள்ளி, அடுத்த தெருவில் பாதி விலைக்கு ‘லைசென்ஸ் சேர்த்து’ என்று சொல்லும் பள்ளியோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. கேட்க வருபவர் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் முதல் பள்ளி ஒன்று மூடவேண்டும், அல்லது இரண்டாவது போல் மாறவேண்டும். அக்கர்லாஃப் சொன்னது இதுதான். முறைகேடான ஆட்கள் இல்லாமலேயே ஒரு தொழில் கெட்டுப்போக முடியும்.

பள்ளி யாருக்குக் கட்டாயம்?

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: சொந்தக் காருக்கோ பைக்குக்கோ உரிமம் வாங்கப் பயிற்சிப் பள்ளிச் சான்றிதழ் கட்டாயமில்லை. 5ஆம் எண் படிவம் போக்குவரத்து வண்டிகளுக்கான உரிமத்துக்கு மட்டுமே கேட்கப்படுகிறது. மற்றவர்கள் உரிமம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ மாட்டி, வீட்டு வண்டியிலேயே பழகலாம். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்தபின் ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். ஏரல்காரர் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ போகலாம். 2019 திருத்தத்துக்குப் பின் மாநிலத்தின் எந்த உரிம அலுவலகத்திலும் விண்ணப்பிக்க இடமுண்டு.

வாழைத்தார் ஏற்றும் வண்டிகளைப் பொறுத்தவரை 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தெளிவைத் தந்தது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியைத் தனி ஒப்புதல் இல்லாமலே ஓட்டலாம். குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டிகள் இந்த வரம்புக்குள் வசதியாக அடங்கும். ‘லோடு ஆட்டோவுக்குத் தனி லைசென்ஸ் போடணும், அதுக்குத் தனி ரேட்’ என்று ஒருவர் சொன்னால், இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேட்கலாம்.

மறுபக்கம், தேர்வே எழுத வேண்டாத பள்ளிகள் என்றொரு பேச்சு. 2024 ஜூன் 1 முதல் தனியார் பள்ளிச் சான்றிதழ் இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக்காட்ட வேண்டாம் என்று செய்தி பரவியது. விதிகளில் அன்று முதல் எந்த மாற்றமும் இல்லை என்று ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. தேர்வு விலக்கு 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் படித்தவர்களுக்கு மட்டும். அங்கே கார் பயிற்சி 4 வாரத்துக்குள் 29 மணி நேரம்: 8 மணி பாடம், 21 மணி ஓட்டம். சிமுலேட்டரும் தனிப் பயிற்சித் தடமும் இருக்கவேண்டும். சாதாரணப் பள்ளியின் சான்றிதழ் யாரையும் தேர்விலிருந்து விடுவிக்காது. விடுவிக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் மேலே பேசத் தேவையில்லை.

பயிற்சியால் விபத்து குறைகிறதா?

இங்கே நம் வசதிக்கு ஒத்துவராத ஆய்வுகளையும் பார்த்தாக வேண்டும். பள்ளிக்கூடங்களில் தரப்படும் ஓட்டுநர் கல்வி விபத்தைக் குறைக்கிறதா என்று ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2001இல் வந்தது. குறைப்பதற்குச் சான்று இல்லை, சிறு வயதிலேயே உரிமம் வாங்கவே அது வழிசெய்கிறது என்பது அதன் முடிவு. அதைப் படித்தால், பிறகு எதற்காகப் பயிற்சிக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்ற கேள்வி எழும்.

சுவீடன் அனுபவம் இதை வேறு கோணத்தில் காட்டுகிறது. அங்கே 1993இல் பழகும் வயதைப் பதினேழரையிலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். உரிமம் பெறும் வயது 18 என்பது மாறவில்லை. நீண்ட காலம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, நூறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பழகியவர்களிடம் உரிமம் பெற்ற பிறகு நேரும் விபத்துகள் கணிசமாகக் குறைந்தன. பிரிட்டனில் தேர்வில் தேறுபவர்கள் சராசரியாக 45 மணி நேரம் ஆசிரியரிடமும் 22 மணி நேரம் வீட்டாரிடமும் பழகுகிறார்கள் என்று அந்நாட்டுத் தேர்வு முகமை சொல்கிறது. இவற்றோடு வைத்தால் நம் 10 மணி நேரம் மிகக் குறைவு. அதுவும் 5 ஆகக் குறைந்தால் பயிற்சி என்ற பெயரே அதற்குப் பொருந்தாது.

இந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: பள்ளியில் சேர்ந்தோம் என்பதால் பாதுகாப்பு வருவதில்லை, கண்காணிப்பில் ஓட்டிய நேரமும், அந்த நேரம் எத்தனை விதமான சாலைகளில் கழிந்தது என்பதுமே கணக்கு. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின, நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். இந்த எண்களுக்கு முன்னால் பயிற்சி நேரத்தைப் பேரம் பேசும் பொருளாக வைத்திருப்பது வேதனைக்குரியது.

ஏரல் வட்டாரத்தில் பழகுபவருக்குச் சாலையே பாடத்திட்டத்தை வகுத்துக் கொடுக்கிறது. பாலம் ஏறும் இடத்தில் முன்னால் பஸ் நிற்கிறது, பின்னால் ஒரு மினி லாரி ஒட்டி நிற்கிறது. இடது காலை கிளட்ச்சிலிருந்து மெல்லத் தூக்கும்போது ஒரு புள்ளியில் வண்டி லேசாக அதிர்ந்து, முன்பக்கம் கொஞ்சம் நிமிரும். அந்த அதிர்வைப் பாதம் உணர்ந்த பிறகுதான் கைபிரேக்கை விடவேண்டும். ஒரு கணம் முந்தினால் வண்டி பின்னால் உருளும், பிந்தினால் இன்ஜின் அணையும். ஆசிரியர் தன் பக்கத்து பெடலில் காலை வைத்திருப்பார். நல்ல ஆசிரியர் அதை மிதிக்கமாட்டார், மாணவரே அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கு நேரம் வேண்டும். நேரம் குறைந்த பள்ளியில் ஆசிரியர் தானே மிதித்து வண்டியை எடுத்துவிடுவார், மாணவர் தான் ஓட்டியதாக நினைத்துக்கொள்வார்.

வாய்க்கால் கரையில் அரை பர்லாங் தூரம் ரிவர்ஸ் எடுப்பது, கடைத்தெருவில் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஊர்வது, தைப்பூசத்துக்கும் சஷ்டிக்கும் திருச்செந்தூர் சாலையில் இரவில் நடந்துபோகும் பாதயாத்திரைக் கூட்டத்தைக் கடப்பது, தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் வேகமான ஓட்டத்தோடு கலப்பது ஆகிய நான்கும் இந்தப் பகுதி ஓட்டுநருக்கு முதல் மாதத்திலேயே வந்து சேரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஏரல் பாலத்தின் அணுகுசாலை உடைந்து போக்குவரத்து அறுந்தது. தண்ணீர் கடக்கும் சாலையில் ஆழம் தெரியாமல் இறங்கக்கூடாது என்பதும் இங்கே பாடத்தின் பகுதியாக இருந்தாக வேண்டும். சேருமுன் ஆசிரியரிடம், ‘எந்தெந்த ரோட்டுல ஓட்ட விடுவீங்க? ராத்திரி ஒரு கிளாஸ் உண்டா?’ என்று கேட்டால் பள்ளியின் தரம் வெளிப்பட்டுவிடும். டெஸ்ட் நடக்கும் மைதானத்தில் எட்டு போடவும் ஹெச் போடவும் மட்டும் பழக்கும் பள்ளி, அந்த மைதானத்துக்கு மட்டுமே ஓட்டுநரைத் தயாரிக்கிறது.

பெண்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கும் விஷயங்களைச் சட்டம் எங்கும் குறிப்பிடவில்லை. பெண் ஆசிரியர் உண்டா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் வகுப்பு கிடைக்குமா, வீட்டு வாசலுக்கு வண்டி வருமா, கோபித்துக் கத்தாமல் சொல்லித்தருவார்களா? 2018 பிப்ரவரியில் அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய விலை இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கி, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய்வரை கொடுத்தது. வண்டி வாங்க ஓட்டுநர் உரிமமோ எல்.எல்.ஆரோ கேட்கப்பட்டது. உரிமம் தேடி அப்போது வந்த பெண்களில் எத்தனை பேருக்குச் சாலையில் ஓட்டும் துணிவும் சேர்ந்து கிடைத்தது என்ற கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை. மரியாதையாகச் சொல்லித்தருவது பயிற்சித் தரத்தின் ஓர் அங்கம் என்றே நான் கொள்கிறேன். பயந்த மாணவி கேள்வி கேட்கமாட்டார். கேள்வி கேட்காதவர் தவறாகவே பழகிவிடுவார்.

பணம் கொடுக்கும் ஒழுங்கு

இவ்வளவும் சரியென்றால், பணத்தை இரண்டாகப் பிரிப்பதே முதல் வேலை. அரசுக் கட்டணத்தைப் பயில்பவரே இணையத்தில் கட்டி ரசீதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். பள்ளிக்குப் பயிற்சிக்கு மட்டும் பணம். உரிம வேலை பள்ளியின் கையில் இல்லையென்றால் அங்கே விற்க எஞ்சுவது பயிற்சி நேரம் ஒன்றுதான். அப்போதுதான் இரு பள்ளிகளை நேர்மையாக ஒப்பிட முடியும். இணையம் கைவராதவர்கள் பள்ளியையே விண்ணப்பிக்கச் சொல்லலாம். ஆனால் அரசுக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கவேண்டும்.

முதலில் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். திருப்தியாக இருந்தால் சேர்ந்து ஒரு பங்கு, ஐந்து மணி நேரம் முடிந்ததும் ஒரு பங்கு, பத்து மணி நேரம் முடிந்து பதிவேட்டில் கையெழுத்திட்டபின் மீதி. ஒவ்வொரு தவணையும் அந்த 15ஆம் எண் படிவத்தோடு இணைந்திருக்கட்டும். ஓட்டாத நேரத்துக்குக் கையெழுத்துப் போடக்கூடாது. அந்தக் கையெழுத்துதான் பயில்பவரிடம் இருக்கும் ஒரே பிடி. முழுத்தொகையையும் முதல் நாளே கொடுத்தவருக்கு, ‘இன்னிக்கு வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவதைத் தவிர வழியில்லாமல் போகும். உண்மையாகவே வண்டி சர்வீஸில் இருக்கலாம். தவணை பாக்கி இருந்தால் அந்த நாள் இன்னொரு நாளாகத் திரும்பி வரும்.

ரசீது கேட்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். ஊருக்குள் ஆளுக்கு ஆள் தெரிந்தவர்களாக இருப்பதால் வரும் கூச்சம் அது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீது கொடுக்காமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடவடிக்கையாகச் சொல்கிறது. குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ரசீதில் கெடு ஏதும் குறிப்பிடப்படவில்லையென்றால் 30 நாள் கெடு. ரசீது தரமாட்டேன் என்பவரிடம் யூ.பி.ஐ. மூலம் கொடுத்து, ‘கார் பயிற்சி, 10 மணி நேரம்’ என்று குறிப்பெழுதி அனுப்பினால் அதுவே சான்றாகும்.

குறையென்றால் இரண்டு வழி. பள்ளியின் உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ 28ஆம் விதி போக்குவரத்து அலுவலகத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. எழுத்தில் புகார் கொடுத்தால் அவர்கள் பதிவேடுகளை வரவழைத்துப் பார்க்க முடியும். பணத்தைத் திரும்பப் பெற 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுக்கவேண்டும்.

தனிமனிதர் விழிப்பாக இருப்பதோடு இது முடிந்துவிடக்கூடாது. பயிற்சிப் பள்ளிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்தே ஆகவேண்டும். அந்த நாளில் 14ஆம், 15ஆம் எண் படிவங்களை அருகருகே விரித்து, சேர்ந்தவர் எத்தனை பேர், ஓடிய மணி எத்தனை, வண்டி எத்தனை என்று வகுத்துப் பார்ப்பதற்குப் புதிய சட்டமோ புதிய இயந்திரமோ வேண்டியதில்லை. அந்த வகுத்தலின் விடையை ஒவ்வொரு பள்ளிக்கும் எதிரே எழுதி, திருச்செந்தூரிலும் தூத்துக்குடியிலும் உள்ள அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்ற கேள்விக்கு ஏரல் கடைத்தெருவில் வேறொரு பதில் வரத் தொடங்கும்.